பள்ளி ஆலோசகராகும் வழி

(நெல்லித்தோப்பில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தின் கல்விக் கமிட்டியார் இம்மாதம் பேச நம்மைப் பணித்தபொழுது, வைத்தியர் உத்தியோகமும் எஞ்சினீயர் உத்தியோகமும் பற்றியே ஆண்டுதோறும் கேட்டுச் சபையோர் அலுத்துவிட்டனர் என்றும், நமது சமூகத்தார் இதுகாறும் எட்டிப் பாராத ஒரு தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றும் கூறினர். அக்கட்டளையை ஏற்று, பள்ளிக்கூடங்களில் மாணாக்கர்க்கு ஆலோசகராக அமர்வதற்குரிய வழியை இன்று எடுத்துக்கொண்டோம். இங்கிலீஷில் இவரை ஸ்கூல் கவுன்சிலர் என்பர். கவுன்சிலர் என்றதும் நெல்லித்தோப்பு வாசிகளாகிய நமக்குக் கொடி கட்டிய காரும் சாக்கடை தூர் வாரும் மனுவுமே நினைவுக்கு வரும். அவர் வேறு, இவர் வேறு. அவர் பேசுவார், நாம் கேட்போம். இவரோ குழந்தை பேச, தாம் கேட்பவர்.

இவருடைய வேலை யாது? நீதிபோதனை செய்வதன்று, அடங்காப் பிள்ளையை அதட்டி அடக்குவதுமன்று. இவ்விரண்டுக்குமாகவே இவரை வைத்திருப்பதாகச் சில தலைமையாசிரியர்கள் எண்ணுகின்றனர் என்பது வேறு விஷயம். பரீட்சைக்கு முதல்நாள் உண்ட உணவு வயிற்றில் தங்காத பையன், இரவெல்லாம் தகப்பனார் குடித்துவிட்டுச் செய்யும் ரகளையில் கண்விழித்துப் பகலில் வகுப்பறையில் உறங்கும் சிறுமி, எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத குறைபாடு தன்னிடம் இருப்பதை ஒருவரும் அறியாமையால் சோம்பேறி என்று வசை கேட்கும் குழந்தை, பத்தாம் வகுப்புக்குப் பின் தோழன் எடுத்த பாடத்தையே தானும் எடுத்துவிட்டுப் பின் வருந்தும் மாணவன் ஆகிய இவர்களைத் தனியே அமர்த்திப் பொறுமையாகக் கேட்பதே முதல் வேலை. பெற்றோரையும் உபாத்தியாயரையும் அழைத்துப் பேசுவது அடுத்தது. தம்மால் ஆகாதது இன்னதென்றறிந்து உரிய வைத்தியரிடம் அனுப்புவது எல்லாவற்றிலும் கடினமானது. மருந்து எழுத இவருக்கு அதிகாரமில்லை; இன்ன நோய் என்று பெயரிட்டு முத்திரை குத்தவும் அதிகாரமில்லை.

இது புதுக்கருத்து என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்க தேசத்துப் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் இளைஞர்க்குத் தொழில் தேர்ந்துகொள்ள வழிகாட்டும் நிலையம் ஒன்றை நிறுவினார். பிரெஞ்சு அரசாங்கம் 1922இலேயே தொழில் வழிகாட்டுதலைப் பற்றி ஆணை பிறப்பித்தது; 1928இல் பாரிஸ் நகரில் அதற்கென ஒரு பயிற்சி நிலையமும் ஏற்பட்டது. நம் தேசத்தில் 1952-53இல் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த கமிஷனுக்குத் தலைமை வகித்தவர், சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் ஆவர். பள்ளிகளில் வழிகாட்டும் அதிகாரிகள் இருத்தல் வேண்டுமென்று அக்கமிஷன் அன்றே எழுதி வைத்தது. எழுதி எழுபது வருஷங்களுக்கு மேலாயிற்று. எத்தனை பள்ளிகளில் அவ்வதிகாரியைக் கண்டோம் என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்பொழுது அதைப்பற்றிப் பேச வேண்டிய அவசியம் யாதெனில், கேட்க வருத்தமாயினும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசியக் குற்றப்பதிவுத் துறையார் வெளியிட்ட 2022ஆம் வருஷக் கணக்கின்படி, தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் நம் தேச முழுவதுக்குமாக லட்சம் பேருக்கு 12.4 பேர் வீதம் ஆவர். புதுவையிலோ அது 29.7. அவ்வருஷத்தில் தேசத்தில் இவ்வாறு மாண்ட மாணாக்கர் மட்டும் 13,044 பேர். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள். இதற்குமேல் இதை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை.

விசாகப்பட்டினத்தில் பயின்று வந்த ஒரு மாணவியின் மரணத்தைப் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் 25ஆம் தேதி தீர்ப்பளித்தது. நூறு மாணாக்கரோ அதற்கு மேலோ உள்ள கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தாரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரையோ மனோதத்துவ நிபுணரையோ சமூகப் பணியாளரையோ ஒருவரேனும் அமர்த்துதல் வேண்டும். நூற்றுக்குக் குறைந்த ஸ்தாபனங்கள் வெளியிலுள்ள நிபுணரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பில் கண்ட கட்டளைகளுள் ஒன்று. சட்டசபை சட்டம் இயற்றும்வரை அதுவே சட்டம்போல் தேசமெங்கும் செல்லும்.

நம் ஊரில் இன்னொரு மாறுதலும் நிகழ்ந்துள்ளது. புதுவை, காரைக்கால் அரசாங்கப் பள்ளிகள் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைக் கைக்கொண்டிருந்தன. அவை சி.பி.எஸ்.இ. முறைக்கு மாற்றப்பட்டு, 2025இல் முதன்முறையாக அம்முறையில் பொதுப்பரீட்சை எழுதினர் நம் பிள்ளைகள். மாறுதலின் நன்மை தீமைகளைப் பேச இது இடமன்று. ஆயினும் சி.பி.எஸ்.இ. 2018இல் வெளியிட்ட இணைப்பு விதிகளிலேயே, ஆலோசனைக்கும் நலத்துக்குமாக ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டுமென்றும், அவருக்குரிய யோக்கியதை இன்னதென்றும் கூறப்பட்டிருக்கிறது. ஆகவே நம் அரசாங்கப் பள்ளிகளுக்கும் அவ்விதி வந்து சேர்ந்தது. வேலை இருக்கிறது, வேலைக்குரியவர் இல்லை. இந்நிலையில் நாம் செய்யத்தக்கது என்ன என்பதே நம் பேச்சின் கருத்து.

அந்த 2018 விதியில் கண்ட யோக்கியதையாவது: மனோதத்துவ சாஸ்திரத்தில் பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெற்றிருத்தல். அல்லது குழந்தை வளர்ச்சி பற்றிய பாடத்தில் மேற்பட்டம் பெற்றிருத்தல். அல்லது வேறெந்தப் பட்டத்தோடும் வழிகாட்டுதலிலும் ஆலோசனையிலும் டிப்ளமா பெற்றிருத்தல். விதிகள் அவ்வப்போது திருத்தப்பெறுவன. ஆதலின் மனுச் செய்யும் சமயத்தில் அன்று நடப்பிலுள்ள விதியைப் படித்துப் பார்த்துக்கொள்வது விவேகம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நேரான வழி, மனோதத்துவத்தில் இளங்கலைப் பட்டமும், பின்னர் இரண்டாண்டு முதுகலைப் பட்டமும் பெறுவதே. இளங்கலையோடு நிறுத்திக்கொண்டாலும் மேற்படி விதி இடங்கொடுக்கிறது. ஆயினும் இளங்கலை மட்டும் படித்தவர் புத்தகத்தை அறிவாரேயன்றிக் குழந்தையை அறியார். காலாப்பட்டிலுள்ள நம் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயன்முறை மனோதத்துவத்தில் எம்.எஸ்ஸி. வகுப்பு நடைபெறுகின்றது; அதற்கு சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். சமூகப் பணியில் முதுகலை வகுப்பும் அங்கேயே உண்டு. சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு சமூகப் பணியாளரையும் குறிப்பிடுவதால் அவ்வழியும் அடைபட்டதன்று. சென்னைக்கு அனுப்ப வசதியுள்ளோர்க்கு லயோலாக் கல்லூரியில் ஆலோசனை மனோதத்துவத்திற்கென்றே எம்.எஸ்ஸி. வகுப்பு இருக்கிறது. நெல்லித்தோப்பிலிருந்து காலாப்பட்டுக்கு பஸ் ஏறிச் சென்று மாலையில் வீடு திரும்பலாம். இதை நாம் சொல்வது, பெண்பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் தாய்மார்களை உத்தேசித்தே.

இனி, தபால் வழிப் படிப்பைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பலர், வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து மனோதத்துவப் பட்டம் பெற்றுவிடலாம் என்று நம்பியிருக்கின்றனர். முன்னர் அவ்வாறு பெற்றவரும் உளர். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவினர், 2025ஆம் வருஷம் ஜூலை-ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டு முதல், மனோதத்துவத்தைத் தொலைநிலை வழியாகவோ இணைய வழியாகவோ பட்டப்படிப்பாக நடத்தலாகாது என்று தடுத்துவிட்டனர். 2021இல் ஏற்பட்ட துணை மருத்துவத் தொழிலாளர் கமிஷன் சட்டத்தின்கீழ் இப்படிப்பு வருவதே அதற்குக் காரணம். கைத்தொழிலைத் தபாலில் கற்பித்தல் கூடாது என்பது அதன் கருத்து. நமக்கும் அது நியாயமாகவே தோன்றுகின்றது. ஆகவே, இனி எவரேனும் வீட்டிலிருந்தே மனோதத்துவப் பட்டம் தருவதாகச் சொல்லிப் புதிதாகப் பணம் கேட்டால், கொடுக்குமுன் மானியக் குழுவின் அறிவிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண்ணொருத்தி, ‘ஆறே வாரத்தில் சான்று பெற்ற பள்ளி ஆலோசகர்’ என்ற விளம்பரத்தைக் கண்டு, தாயாரின் வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டினாள். தங்க முலாம் பூசிய எழுத்துக்களோடு பத்திரமும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்குச் சென்றபொழுது, “அம்மா, உமது பட்டம் எதில்?” என்று கேட்டனர். வணிகவியலில் என்றாள். “அப்படியானால் டிப்ளமா எந்த ஸ்தாபனத்தில்?” என்றனர். பத்திரத்தை நீட்டினாள், அவர்கள் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தனர். பெண் கெட்டிக்காரி; இரக்கமுள்ளவள். கெட்டது அவள் புத்தியன்று. ‘சான்று பெற்ற’ என்ற இரண்டு சொற்களே அவளைக் கெடுத்தன.

அவ்விரண்டு சொற்களின் பொருளை விளக்கிவிடுகிறோம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணமும் பள்ளி ஆலோசகருக்குத் தானே சான்றுப் பத்திரம் வழங்குகிறது. பொதுவாக முதுகலைப் பட்டமும், மேற்பார்வையோடு செய்த பயிற்சியும் வேண்டும். நம் தேசத்தில் பள்ளி ஆலோசகர் என்ற பெயருக்கென்று தனியே ஒரே லைசென்ஸ் கிடையாது. 1992ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவுசெய்வது கிளினிக்கல் மனோதத்துவ நிபுணர் முதலானோரை. அவர் தொழில் வேறு. அதற்குரிய படிப்பும் வேறு. ஆகவே இங்கே ஒருவருக்குச் சான்றாவது, அங்கீகாரம் பெற்ற சர்வகலாசாலைப் பட்டமும், அரசாங்க ஸ்தாபனத்தின் டிப்ளமாவும், தேர்ந்தவர் மேற்பார்வையில் குழந்தைகளோடு பழகிய காலமுமேயாம். ஆறு வார வகுப்புகளில் கற்கத்தக்கது ஒன்றுமில்லை என்று நாம் சொல்லவில்லை. ஏற்கனவே பட்டம் உள்ளவர் கூடுதலாகக் கற்றால் பயனுண்டு. அடித்தளமின்றி மாடி கட்டுதல் ஆகாது.

அவ்வாறாயின், வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்க்கும், ஏற்கனவே உபாத்தியாயராயிருப்பவர்க்கும் வழி யாது? நமது சமூகத்தில் பி.எட். பட்டம் பெற்றுத் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்தில் உழைக்கும் பெண்மக்கள் பலர் இருப்பதால், இவ்விடத்தை அவர்கள் ஊன்றிக் கேட்பாராக. என்.சி.இ.ஆர்.டி. என்னும் தேசியக் கல்வி ஆராய்ச்சி ஸ்தாபனம், வழிகாட்டுதலிலும் ஆலோசனையிலும் ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. தென்னாட்டார்க்கு அண்மையிலுள்ள நிலையம் மைசூரிலுள்ள பிராந்தியக் கல்வி நிலையம். முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்தே பயிலலாம். அடுத்த மூன்று மாதம் நிலையத்துக்கே சென்று தங்கி நேரில் பயில வேண்டும். கடைசி மூன்று மாதம் தத்தம் ஊர்ப் பள்ளியில் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியரும், மனோதத்துவம், சமூகப் பணி, குழந்தை வளர்ச்சி, விசேஷக் கல்வி போன்ற பாடங்களில் பட்டம் பெற்றோரும் மனுச் செய்யலாம்.

நடுவிலுள்ள அம்மூன்று மாதமே நம் பெண்களுக்கு மலையாக நிற்கிறது. ‘பிள்ளைகளை யார் பார்ப்பது? மாமியார் என்ன சொல்வார்?’ என்று இரண்டு ஆசிரியைகள் நம்மிடமே கேட்டனர். மகன் துபாய்க்குப் போய் மூன்று வருஷம் திரும்பாதிருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், மருமகள் மூன்று மாதம் மைசூருக்குப் போனால் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சுவது ஏனோ நமக்கு விளங்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மாமிமார்கள் கோபிக்க வேண்டாம்.

புதுவையில் வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு வழியும் உண்டு. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் சந்ததியார் நம் சங்கத்திலும் சிலர் உளர். லிசேயில் படிக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிரெஞ்சு தேசத்தில் ‘பிசிகோலோக்’ என்ற பெயரை, உரிய பட்டமில்லாதார் வைத்துக்கொள்ளலாகாது என்று 1985ஆம் வருஷம் ஜூலை 25ஆம் தேதிச் சட்டம் தடுக்கிறது. நம் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பும் சரியாக நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில் வந்தது ஒரு விந்தை. அங்கே மனோதத்துவத்தில் லிசான்சும் மாஸ்டரும் முடித்து, ‘கொன்கூர்’ என்னும் போட்டிப் பரீட்சையில் தேறி, ஓராண்டு பயிற்சியும் முடித்தால் கல்வி இலாகாவில் நிரந்தர உத்தியோகம். 2017இல் அதற்கென்று ஒரே பிரிவு அமைத்து, சிறு பள்ளிகளுக்கு ஒரு கிளையும் பெரிய பள்ளிகளில் மேற்படிப்புக்கு வழிகாட்ட ஒரு கிளையும் வைத்துள்ளனர். பட்டாளத்து உத்தியோகத்தையும் அதன் பென்ஷனையும் மட்டுமே பிரான்சின் செல்வமாக எண்ணிய காலம் போயிற்று.

படிப்பைச் சொன்னோம். இனி, எந்தச் சர்வகலாசாலையும் பத்திரத்தில் அச்சிட்டுத் தர இயலாத ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். அஃது இரகசியம் காத்தல். இதில்தான் நம்மைப் போன்ற சமூகத்தார்க்குப் பெருஞ்சோதனை இருக்கிறது. நம்மில் யாவரும் யாவர்க்கும் மாமன், மச்சான், சித்தப்பா, பெரியம்மா. ஒரு வீட்டுப் பிள்ளை அழுதால் மறுநாள் மார்க்கெட்டில் அது பேச்சாகிவிடும். பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல நம்மவர் மறுப்பதற்குக் காரணம் அறியாமையன்று. நாளை சம்பந்தம் பேசும்போது தடையாகுமே என்ற அச்சமே. மந்திரித்துக் கயிறு கட்டினால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. கட்டட்டும், கட்டிய கயிற்றோடு ஆலோசகரிடமும் அழைத்து வரலாமே.

ஆகவே, ஆலோசகராய் வரும் நம் பிள்ளை, தன் உறவினர் குழந்தைக்குத் தானே ஆலோசனை சொல்லாமல் வேறொருவரிடம் அனுப்புவதே தொழில் முறை. பள்ளியில் கேட்டதை வீட்டுத் திண்ணையில் சொல்லலாகாது. பெற்றோர் வந்து, ‘எங்கள் பெண் உம்மிடம் என்ன சொன்னாள்?’ என்று கேட்டால், அவள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தில்லாதவரை முழுதும் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் வெளிப்படையாகவே பேசுவோம். வேற்றுச் சமூகத்துப் பையனிடம் தனக்குப் பிரியமென்று ஒரு பெண் ஆலோசகரிடம் சொல்வாளாயின், அச்செய்தி இச்சங்கத்தின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரலாகாது. நம் சங்கத்தின் பணத்தில் படித்தவராயிருப்பினும் அவர் சங்கத்துக்குத் தூதர் அல்லர். இதை ஒப்புக்கொள்ள மனமில்லாவிடில், இத்தொழிலுக்கு ஒருவரை அனுப்பாதிருப்பதே நலம்.

இரகசியத்துக்கும் எல்லையுண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஒருவன் தகாத முறையில் நடந்துகொண்டான் என்று தெரிய வந்தால், 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம், அறிந்தவர் எவராயினும் போலீசுக்கு அறிவித்தல் வேண்டுமென்கிறது, அறிவிக்காதது குற்றம். அவ்வாறு செய்தவன் குடும்பப் பெரியவனாயினும், பள்ளியின் நன்கொடையாளனாயினும், ‘நம்மவன்தானே, நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்’ என்று ஆலோசகர் இணங்கலாகாது. குழந்தை தன்னைத்தான் மாய்த்துக்கொள்ள எண்ணுகிறது என்று அறிந்தாலும் உடனே பெற்றோர்க்கும் வைத்தியர்க்கும் சொல்லியே தீர வேண்டும். கோரிமேட்டு ஜிப்மரில் மனநோய் வைத்தியப் பகுதி இருக்கிறது. இரவு வேளையில் ஒன்றும் தோன்றாதபோது, 2022 முதல் அரசாங்கம் நடத்திவரும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கட்டணமின்றி எவரும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும் உண்டு. இவ்விரண்டையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். எஞ்சினீயருக்கு நிகராக வருமென்று ஆசை காட்ட மாட்டோம். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த உத்தியோகமே கிடைக்கும். சில பள்ளிகளில் ஆலோசகரையே பாடம் நடத்தவும், ஆண்டுவிழாவுக்குத் தோரணம் கட்டவும் ஏவுவர். வேலையில் சேருமுன், தனியறை உண்டா, எத்தனை மாணாக்கர்க்கு ஒருவர், குறிப்பேடுகளைப் பூட்டி வைக்க அலமாரி உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுக. அலமாரியைப் பற்றிக் கேட்கும்போது சிரிக்கும் பள்ளியில் யோசித்துச் சேர்க.

முடிவாக, சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். நமது கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் தரும் உபகாரச் சம்பளங்கள் எஞ்சினீயர் வகுப்புக்கும் வைத்திய வகுப்புக்குமே செல்கின்றன. வரும் ஆண்டில் அவற்றுள் இரண்டை ஒதுக்கி, ஒன்றைக் காலாப்பட்டில் மனோதத்துவ முதுகலை பயிலும் ஒருவருக்கும், மற்றொன்றை மைசூர் டிப்ளமாவுக்குச் செல்லும் ஆசிரியை ஒருவருக்கும் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆசிரியைக்குக் கொடுப்பதில், மைசூரில் தங்கும் மூன்று மாதத்து விடுதிச் செலவும், இழக்கும் சம்பளமும் அடங்க வேண்டும்; இல்லையேல் அது பெயரளவில் உபகாரமாகிவிடும். பெறுபவர் திரும்பி வந்து எந்தப் பள்ளியில், எந்தச் சமூகத்துக் குழந்தைகளுக்கு வேலை செய்தாலும் சரியே என்ற நிபந்தனையும், அவரிடம் எந்தக் குழந்தையைப் பற்றியும் சங்கத்தார் விசாரிக்கலாகாது என்ற நிபந்தனையும் தீர்மானத்திலேயே எழுதப்பெற வேண்டும்.

பி.எட். முடித்தோரும், மனோதத்துவமோ சமூகப் பணியோ பயின்றோரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் பட்டப் பத்திரங்களோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்தால், விண்ணப்பம் எழுத நாமே உடனிருந்து உதவுவோம். குடும்பத்தாரையும் அழைத்து வரலாம். மாமிமார்களுக்குத் தனியே நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறோம்.